சர்க்கரையைத் துறந்தோரும் செயற்கை நுண்ணறிவை மறுப்போரும்

ஒரு பொருளை வாங்க மறுப்பது அறச்செயல் ஆகுமா? ஆகுமெனில் எந்நிலையில் ஆகும்? இந்தப் பழைய வினா இன்று செயற்கை நுண்ணறிவை முன்னிட்டு மீண்டும் எழுந்துள்ளது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இத்தகைய கருவிகளுக்குப் பழகிவிட்டனர். அதே ஆண்டுகளில், இவற்றைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டவர்களும் உருவாயினர். இக்கருவிகள் மின்சாரத்தையும் நீரையும் விழுங்குகின்றன. எழுத்தாளரின் படைப்புகளை இசைவின்றி எடுத்துக்கொண்டன. ஏழை நாட்டுத் தொழிலாளரின் குறைந்த கூலியின்மேல் நிற்கின்றன. மனிதர் செய்யவேண்டியதை மனிதரிடமிருந்து பறிக்கின்றன என்பவை அவர்கள் கூறும் காரணங்கள்.

இவர்களை நோக்கி ஒரு மறுமொழி விரைந்து வருகிறது. "நீங்கள் இறைச்சி உண்கிறீர்கள், விமானத்தில் செல்கிறீர்கள், யாரோ குறைந்த கூலிக்குத் தைத்த சட்டையை அணிகிறீர்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் மறுப்பது என்ன நியாயம்?" என்பதே அது. மறுப்போரின் வாதமும் இம்மறுமொழியும் ஆய்வுக்குரியவை. அவற்றை ஆய்வதற்கு உரைகல்லாக ஒரு சிறு நூலை நாம் எடுத்துக்கொள்கிறோம். நுகர்வு மறுப்பைப் பற்றிப் பெருந்திரளான மக்களிடம் பேசிய முதல் நூல்களுள் அது ஒன்று.

ஃபாக்ஸின் சிறுநூல்

1791 ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஃபாக்ஸ் என்னும் புத்தக வணிகர் பிரித்தானிய மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரையையும் ரம் என்னும் மதுவையும் அவர்கள் துறக்கவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். அடிமை வணிகத்தை ஒழிக்கும் முயற்சி அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் தோல்வியுற்றிருந்தது. சட்டம் செய்ய மறுத்ததை மக்கள் தம் இல்லங்களில் செய்யலாம் என்று ஃபாக்ஸ் வாதிட்டார். அச்சிறுநூல் குறுகிய காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

அந்நூலின் மையத்தில் ஒரு கணக்கு உள்ளது. வாரம் 5 பவுண்டு சர்க்கரையும் அதற்கேற்ற அளவு ரம்மும் பயன்படுத்தும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அவற்றை விலக்கினால், ஒரு மனிதர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்கிறார் ஃபாக்ஸ். 38,000 குடும்பங்கள் அவ்வாறு செய்தால் பிரித்தானியத் தீவுகளுக்கான அடிமை வணிகமே நின்றுவிடும் என்றும் கணக்கிடுகிறார். வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர். ஆகவே வாங்குவோரும் குற்றத்தில் பங்காளிகளே என்பது அவர் கொள்கை. சர்க்கரையை உண்பது மனித ஊனை உண்பதற்கு ஒப்பாகும் என்ற அளவுக்கு அவருடைய சொற்கள் கடுமையாகின்றன.

இந்நூலின் வலிமை நான்கு செய்திகளில் அடங்கியுள்ளது. எதிர்க்கப்படும் தீமை ஐயத்திற்கு இடமின்றிக் கொடியது. அத்தீமைக்கும் தேநீர்க் கோப்பைக்கும் இடையேயுள்ள வழி குறுகியது. சர்க்கரைக்காகவே அடிமைகள் வாங்கப்பட்டனர். மறுப்பின் விளைவு தீமை செய்வோரின் வருவாயை நேரே சென்று தாக்கும். மறுப்பின் விலையைக் கொடுப்பவர், இனிப்பை இழக்கும் அந்தக் குடும்பத்தினரே. இந்நான்கையும் வினாக்களாக மாற்றினால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தீமை எது? நம் பயன்பாடு அதற்கு எவ்வளவு அண்மையில் உள்ளது? நம் மறுப்பு யாரைச் சென்று சேர்கிறது? அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

நூலின் குறைகளையும் சொல்லவேண்டும். மனித ஊனை உண்கிறீர்கள் என்னும் பேச்சு கேட்போரைத் திடுக்கிடச் செய்கிறது. ஆனால் பார்வையை அடிமையிடமிருந்து உண்பவரின் தூய்மைக்குத் திருப்பிவிடுகிறது. 'நான் கறைபடக்கூடாது' என்னும் கவலை, 'அவர் விடுதலை பெறவேண்டும்' என்னும் கவலைக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. மேற்கிந்தியச் சர்க்கரையைத் துறந்த பலர் கிழக்கிந்தியச் சர்க்கரைக்கு மாறினர். அடிமைகளால் செய்யப்படாத சர்க்கரை என்று பொறித்த கிண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. அந்தச் சர்க்கரை நம் நாட்டிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்ட உழவரிடமிருந்து சென்றது. இந்தியாவில் அடிமைமுறை சட்டப்படி ஏற்பு இழந்தது 1843 இல்தான். மாற்றுப் பொருளின் வரலாற்றை அந்தக் கிண்ணம் விசாரிக்கவில்லை.

தாமஸ் கிளார்க்சன் என்னும் அடிமை எதிர்ப்பாளர் தம் பயணங்களில் கண்டதைக் கொண்டு, ஏறத்தாழ 3,00,000 பேர் சர்க்கரையைத் துறந்ததாக மதிப்பிட்டார். ஆயினும் அடிமை வணிகம் ஒழிந்தது 1807 ஆம் ஆண்டுச் சட்டத்தால். பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1833 இல். எய்ட்டியிலும் ஜமைக்காவிலும் அடிமைகளே நடத்திய எழுச்சிகள் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தன. சர்க்கரை மறுப்பு தனித்து நின்று வென்றதில்லை. வாக்குரிமையற்ற பெண்களும் எளியோரும் ஒரு பொது வழக்கில் சாட்சி சொல்வதற்கு அது இடமளித்தது. அதன் உண்மையான பயன் அதுவே என நாம் கருதுகிறோம்.

நீரும் மின்சாரமும்

இனி ஃபாக்ஸின் கணக்கைச் செயற்கை நுண்ணறிவுக்குப் போட்டுப் பார்ப்போம். கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, அதன் ஜெமினி கருவியிடம் எழுத்தில் கேட்கப்படும் நடுத்தரமான ஒரு வினாவுக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லி லிட்டர் நீரும் செலவாகின்றன. இது நிறுவனமே தந்த கணக்கு. கருவியைப் பயிற்றுவிக்க ஆகும் செலவு இதில் இல்லை. படமும் காணொளியும் உருவாக்க ஆகும் கூடுதல் செலவும் இல்லை. இக்குறைகளை மனத்தில் கொண்டு, எண்ணைப் பலமடங்கு உயர்த்தியே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் என்ன தெரிகிறது? 75 வாட் மின்விசிறி ஒரு மணிநேரம் சுழல ஆகும் மின்சாரம், கூகுளின் கணக்கில் 300 வினாக்களுக்கு மேல் போதுமானது. ஒரு பருத்திச் சட்டைக்கான பருத்தி விளைந்து துணியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீரும், ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியாக 15,000 லிட்டருக்கு மேலும் தேவைப்படுவதாக நீர்த்தடக் கணக்குகள் கூறுகின்றன. அந்நீரில் பெரும்பகுதி பயிரின்மேல் பெய்யும் மழைநீர் என்பதால் இவ்வொப்பீடு முற்றிலும் பொருந்தாது. எனினும் அளவில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

ஆகவே, நீரையும் மின்சாரத்தையும் மட்டுமே காரணமாகச் சொல்லி, ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்க்கும் மனிதரைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது. அதே நேரத்தில் ஏளனமாகப் பேசும் தரப்பினர் வேறொரு கணக்கை மறந்துவிடுகின்றனர். உலகத் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து 2024 இல் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின எனவும், 2030 இல் அது 945 ஆக உயரக்கூடும் எனவும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் அறிவித்தது. பின்னைய எண் இன்றைய ஜப்பான் நாடு முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தைவிடச் சற்று அதிகம். ஒவ்வொரு வினாவும் சிறிது, கூட்டுத்தொகை பெரிது. இத்தகைய சுமையை ஒருவர் தம் வினாக்களைக் குறைத்துக்கொள்வதால் தடுத்துவிட இயலாது. ஆலை எங்கே அமைகிறது, நீர் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் நிலக்கரியிலிருந்தா காற்றிலிருந்தா என்பவற்றை அரசும் மக்கள் மன்றங்களும் தீர்மானிக்கவேண்டும். சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் 2019 கோடையில் வறண்டன. அம்மாநகரைச் சூழ்ந்த சிறுசேரி, அம்பத்தூர் பகுதிகளில் தரவு மையங்கள் எழும்போது இவ்வினாக்களைக் கேட்பது அங்கு வாழ்வோரின் உரிமை. கருவியைப் பயன்படுத்தாதவருக்கும் அவ்வுரிமை உண்டு. பயன்படுத்துபவருக்குக் கடமையாகவே உண்டு.

உழைப்பவர் கேட்டது எது?

இரண்டாவது காரணம் உழைப்பைப் பற்றியது. இக்கருவிகள் தாமாகவே நன்னடத்தை கற்பதில்லை. வன்முறையும் ஆபாசமும் நிறைந்த எழுத்துகளை மனிதர் அமர்ந்து வாசித்து, இது தீயது என்று குறியிட்டாக வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காக இப்பணியைச் செய்த கென்யத் தொழிலாளர் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கூலி பெற்றனர் என்று 'டைம்' இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. அவர்களுட் சிலர் அப்பணியால் மனநலம் குலைந்ததையும் அவ்விதழ் பதிவு செய்தது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் தரவுகளுக்குக் குறியிடும் பணியால் பிழைக்கும் இளைஞர் உள்ளனர். அவர்கள் எல்லாரும் கென்யத் தொழிலாளரின் நிலையில் இருக்கின்றனர் எனக் கூறமாட்டோம்; பலருக்கு அது சொந்த ஊரிலேயே கிடைத்த மதிப்பான வேலை.

இங்கே மறுப்பு யாரைச் சென்று சேரும்? இதற்கு வரலாறு இரு விடைகளைத் தருகிறது. 1992 இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் டாம் ஹார்கின், சிறுவர் உழைப்பால் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது சட்டமாகும் முன்னரே அஞ்சிய வங்கதேசத்து ஆடை ஆலைகள் சிறுவரை வெளியேற்றின. அவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ 50,000 என யுனிசெஃப் பின்னர் மதிப்பிட்டது. அவர்களுள் பலர் கல் உடைத்தல் போன்ற இன்னும் கொடிய வேலைகளுக்குச் சென்றனர். சிலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டனர். 1995 இல் ஆலை உரிமையாளர் சங்கம் யுனிசெஃபோடும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போடும் உடன்பாடு கண்டு, சிறுவரை உதவித்தொகையோடு பள்ளிக்கு அனுப்ப முன்வந்த பிறகே நிலைமை சீர்ப்படத் தொடங்கியது. நல்லெண்ணத்தின் விலையை அதற்கிடையில் கொடுத்தவர்கள் அச்சிறுவரே.

மற்றொரு விடை கலிஃபோர்னியாவின் டெலேனோவிலிருந்து வருகிறது. 1965 செப்டம்பரில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பீனியத் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். சீசர் சாவேஸ் என்னும் கத்தோலிக்கத் தலைவரின் சங்கம் அவர்களோடு இணைந்தது. "எங்கள் திராட்சையை வாங்காதீர்கள்" என்று கேட்டவர்கள் அத்தோட்டத் தொழிலாளரே. அமெரிக்கக் குடும்பங்கள் அதற்குச் செவிசாய்த்தன. ஆயர்களின் ஒரு குழு இடைநின்று பேசியது. 1970 ஜூலையில் தோட்ட உரிமையாளர் கையெழுத்திட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வாங்குவோரின் ஆற்றலே செயல்பட்டது. ஒன்றில் தொழிலாளரின் குரல் முன்னே நின்றது, மற்றதில் அது கேட்கப்படவே இல்லை.

செயற்கை நுண்ணறிவுக்காக உழைக்கும் எளியோர் இன்றுவரை கேட்டவை எவை? 2023 மே மாதத்தில் நைரோபியில் 150க்கும் மேற்பட்ட தொழிலாளர் கூடித் தமக்கொரு சங்கம் அமைக்க வாக்களித்தனர். முறையான கூலி, மனநல உதவி, தொழிலாளர் என்னும் ஏற்பு ஆகியவற்றுக்காகவே அவர்கள் போராடினர். அவர்களின் பெயரால் நாம் கருவியை மூடிவைத்துவிட்டு, அவர்களின் சங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருந்தால் அவர்கள் கேட்டதை நாம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

எழுதியவரின் உரிமை

மூன்றாவது காரணம் படைப்பாளரின் உரிமை. நூல்களைத் திருட்டுப் படிகளாகச் சேர்த்துக் கருவிகளைப் பயிற்றுவித்தனர் என்ற வழக்குகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்றில், 2025 இல், ஆந்த்ரோபிக் நிறுவனம் எழுத்தாளருக்கு 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. வாங்கிய நூல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றும், திருட்டுப் படிகளைச் சேர்த்துவைத்தது அவ்வாறன்று என்றும் அவ்வழக்கின் நீதிபதி பிரித்துரைத்திருந்தார். பொருளின் பிறப்பில் ஒரு தவறு நேர்ந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தலாமா என்பதே இங்கு வினா.

இவ்வினா திருச்சபைக்குப் புதிதன்று. 2020 டிசம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கொரோனாத் தடுப்பூசிகளைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. பல்லாண்டுகளுக்கு முன் கருக்கலைப்புச் செய்யப்பட்ட கருவிலிருந்து பெற்ற உயிரணுக்கள் சில தடுப்பூசிகளின் ஆய்விலும் உற்பத்தியிலும் பயன்பட்டிருந்தன. வேறு வழியில்லாத நிலையில் அவற்றைப் பெறுபவர் அந்தப் பழைய தீமைக்கு மிகத் தொலைவிலேயே நிற்கிறார். அவர் உள்ளம் அத்தீமைக்கு இசையவில்லை. ஆகவே அவற்றைப் பெறலாம் என்று பேராயம் தெளிவுபடுத்தியது. அதோடு, பெறுவது அத்தீமையை ஏற்றதாக ஆகாது என்றும், குறையற்ற தடுப்பூசிகளை உருவாக்குமாறு நிறுவனங்களையும் அரசுகளையும் வலியுறுத்தவேண்டும் என்றும் அது சேர்த்துக் கூறியது. தீமைக்கு உள்ளத்தால் உடன்படுவதையும், விரும்பாமல் தொலைவிலிருந்து தொடர்புபடுவதையும் பிரித்தறியும் நம் அறநெறி மரபு இது. தொலைவு குற்றத்தைக் குறைக்கிறது. வாயை அடைப்பதற்கு அது அனுமதி தருவதில்லை.

எழுத்தாளரும் தாம் கேட்பதைக் கேட்டுள்ளனர். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. முடிவில் பெற்ற ஒப்பந்தம் செயற்கை நுண்ணறிவை முற்றிலும் விலக்கவில்லை. கருவியை எழுத்தாளராகக் கருதக்கூடாது. அதைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தக்கூடாது. நிறுவனத்தின் இசைவோடு எழுத்தாளர் தாமே விரும்பினால் பயன்படுத்தலாம் என்று அது வரையறுத்தது. தீங்குக்கு அஞ்சியவர்களே பயன்பாட்டை வகைப்படுத்திப் பார்த்துள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது.

முரண்பாடு என்னும் குற்றச்சாட்டு

"இறைச்சியை விடாதவர் இதை விடுவதேன்?" என்னும் கேள்விக்கு இப்போது வருவோம். ஒருவர் எல்லாத் தீமைகளையும் விலக்கவில்லை என்பதால், ஒரு தீமையை விலக்கியது தவறாகிவிடாது. 1791 இல் சர்க்கரையைத் துறந்த குடும்பங்கள் உடுத்திய பருத்தியிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது. அம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியவர் சொன்னது உண்மைதான். அதன் காரணமாக அவர்கள் மீண்டும் சர்க்கரையை வாங்கியிருக்கவேண்டும் என்று யாரும் கூறத் துணியமாட்டார்கள். முரண்பாடு சுட்டப்படும்போது அடுத்த அடி எடுத்து வைக்கவேண்டுமேயன்றி, வைத்த அடியைப் பின்வாங்க வேண்டியதில்லை.

ஆயினும் இக்குற்றச்சாட்டில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. 1792 மார்ச்சில் ஜேம்ஸ் கில்ரே என்னும் ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டார். அதில் ஆங்கில அரசரும் அரசியும் சர்க்கரையில்லாத் தேநீரை மகிழ்ந்து பருகுகின்றனர். இளவரசியர் முகம் சுளிக்கின்றனர். தந்தைக்கு எவ்வளவு பணம் மிச்சமாகும் பாருங்கள் என்று அரசி அவர்களுக்கு எடுத்துரைக்கிறார். கஞ்சத்தனமே அறத்தின் ஆடை அணிந்து வருவதை அந்த ஓவியர் கண்டுகொண்டார். இன்றும் அப்படி நேரலாம். எழுத்தில் தேர்ந்தவருக்கு எழுதும் கருவியை மறுப்பதில் இழப்பு ஏதுமில்லை. அதே மனிதர் ஆண்டுக்குப் பலமுறை விமானத்தில் பறப்பதைப் பற்றி எண்ணிப்பார்க்கவே மறுத்தால், நற்செய்தி கூறும் கொசுவும் ஒட்டகமும் நம் நினைவுக்கு வரும். தமக்கு இழப்பில்லாத மறுப்பு தவறன்று. அதைப் பெருமையாக்கிக்கொண்டு பிறரைப் பழிப்பதே தவறு.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8 ஆம் அதிகாரத்தில் இத்தகையதொரு நுகர்வுச் சிக்கலையே எடுத்தாள்கிறார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது அன்றைய வினா. சிலை வெறுமையானது என்று அறிந்தவருக்கு அந்த இறைச்சியால் தீங்கில்லை என்பதை அவர் ஏற்கிறார். ஆனாலும் வலுவற்ற மனச்சான்று கொண்ட சகோதரர் அதனால் இடறி விழுவாராயின், தாம் உண்ணாதிருப்பதே மேல் என்று முடிவுசெய்கிறார். இறைச்சியின் தூய்மையை அளந்து பார்ப்பதைவிட, அருகில் நிற்கும் மனிதரைப் பார்ப்பதே அவருடைய முறை. ஃபாக்ஸின் நூலில் நாம் கண்ட குறைக்கு இது மருந்தாகும்.

பொருளுக்கும் இக்கருவிக்கும் உள்ள வேறுபாடு

அருகில் நிற்கும் மனிதரைப் பார்த்தால், செயற்கை நுண்ணறிவு சர்க்கரையோடும் சட்டையோடும் வேறுபடும் இடம் தெரியவரும். அப்பொருள்களின் தீமை அவற்றின் பின்னால், அவை உருவான தோட்டத்திலும் ஆலையிலும் இருக்கிறது. நம் கைக்கு வந்தபின் சட்டை நம் அண்டை வீட்டாரை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே இறைச்சி, விமானம், ஆடை ஆகியவற்றில் எவ்வளவு என்பதே முதன்மையான கேள்வி. பாதியாகக் குறைத்தால் தீமையும் ஏறத்தாழப் பாதியாகிறது. செயற்கை நுண்ணறிவுக்கு அத்தகைய தீமை பின்னாலும் உண்டு; அதை மேலே கண்டோம். அதற்கு முன்னாலும் ஒரு தீமை நேரக்கூடும். அது ஒரு பொருளாக நில்லாமல், ஒருவர் செய்யவேண்டிய செயலின் இடத்தில் வந்து அமர்கிறது. அங்கே எவ்வளவு என்பதைவிட எதற்கு என்பதே பெரிய கேள்வி.

ஒரு கடைக்காரர் தம் கணக்கைச் சரிபார்க்க ஆயிரம் முறை இக்கருவியை நாடினாலும் யாரும் எதையும் இழப்பதில்லை. மகனை இழந்த நண்பருக்கு எழுதும் ஆறுதல் மடலை ஒரே ஒரு முறை அதனிடம் எழுதி வாங்கினால், அந்த நண்பர் ஒன்றை இழக்கிறார். அவருக்கு வேண்டியது அழகிய சொற்கள் அல்ல. தம்மை நினைத்து ஒருவர் சொல் தேடித் தடுமாறினார் என்பதே. எட்டாம் வகுப்பு மாணவியின் கட்டுரையைக் கருவி எழுதித் தந்தால் ஆசிரியருக்குத் தாள் கிடைக்கிறது; மாணவிக்குச் சிந்திக்கும் பயிற்சி கிடைப்பதில்லை. பணிக்கு விண்ணப்பித்த நூறு பேரை ஒருவரும் பாராமலே கருவி தள்ளிவிட்டால், தள்ளப்பட்டவர் ஒரு மனிதரின் விசாரணையைப் பெறாமல் போகிறார். 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'பழமையும் புதுமையும்' என்னும் ஏடு, மனித அறிவை அது செய்து முடிக்கும் வேலைகளாக மட்டும் சுருக்கிவிடக்கூடாது என்று வலியுறுத்துவதும் இதனால்தான்.

இதே அளவுகோல் மறுபக்கமும் பேசுகிறது. பார்வையற்றோருக்கு உதவும் 'பீ மை ஐஸ்' என்னும் செயலி 2023 முதல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, அவர்கள் கைப்பேசியில் எடுக்கும் படத்தை விவரித்துச் சொல்கிறது. மருந்துப் புட்டியின்மேல் எழுதியுள்ளதை அவர்கள் பிறரை எதிர்பாராமல் அறிந்துகொள்கின்றனர். ஆங்கிலம் அறியாத ஒரு தந்தை, மகளின் கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை இத்தகைய கருவியால் புரிந்துகொண்டு நிரப்புகிறார். இவர்களிடம் சென்று, அறத்தின் பெயரால் இதைத் துறந்துவிடுங்கள் என்று கேட்பவர், தம் தூய்மைக்கான விலையை அவர்களிடமிருந்து வாங்குகிறார். ஃபாக்ஸ் தம் வாசகரிடம் கேட்டது இனிப்பை மட்டுமே. பிறருடைய கண்ணை அவர் கேட்கவில்லை.

நம் முன் உள்ள கடமை

இதுகாறும் கூறியவற்றால் நாம் அடையும் முடிவு இது. செயற்கை நுண்ணறிவை மறுப்பது ஏளனத்துக்குரியதன்று. எல்லாருக்கும் பொதுவான கட்டளையாக்கத் தக்கதும் அன்று. நாம் ஒருவருக்கு நம்மையே தரக் கடமைப்பட்டுள்ள இடங்களில் அம்மறுப்பு தேவை. ஆறுதல் சொல்லும்போதும், மன்னிப்புக் கேட்கும்போதும், பிள்ளைக்குக் கற்பிக்கும்போதும், ஒருவரின் வாழ்வைப் பற்றித் தீர்ப்பிடும்போதும் நமக்குப் பதிலாக இயந்திரத்தை அனுப்பக்கூடாது. இத்தகைய மறுப்புக்கு விலை உண்டு. அது நேரத்தையும் உழைப்பையும் நம்மிடமே கேட்கிறது. ஆகவே அதை ஒறுத்தல் என்று அழைக்கலாம்.

பின்னால் நிகழும் தீமைகளுக்கு, அதாவது கூலிக்கும் நீருக்கும் எழுத்துரிமைக்கும், தனிமனிதரின் மௌனமான மறுப்பு போதாது. ஃபாக்ஸ் 38,000 குடும்பங்களைக் கணக்கிட்டார். ஒரு குடும்பம் மட்டும் சந்தையை அசைக்காது என அவர் அறிந்திருந்தார். நம்மிடையே கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உள்ளன. அவற்றின் ஆட்சிக்குழுக்களில் பொதுநிலையினரும் அமர்ந்திருக்கின்றனர். ஒரு நிறுவனம் இக்கருவிகளுக்குச் சந்தா செலுத்துமுன், குறியிடும் தொழிலாளருக்கு என்ன கூலி தரப்படுகிறது, பயிற்சிக்கு எடுத்த நூல்களுக்கு இசைவு பெறப்பட்டதா, மாணவரின் விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று எழுத்தில் கேட்கலாம். விடை கிடைக்காவிடில் வாங்காதிருக்கலாம். அந்தத் தொழிலாளரோ எழுத்தாளரோ நாளை எழுந்து, "எங்களுக்காக இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று கேட்பார்களாயின், டெலேனோவின் திராட்சையைத் துறந்த குடும்பங்களைப்போல் நாமும் அன்றே துறக்க ஆயத்தமாயிருக்கவேண்டும்.

அதுவரை, இறைச்சியை விடாதவர் கருவியை விடலாமா என்று ஒருவரையொருவர் இடித்துரைப்பதில் காலம் கழிக்கவேண்டாம். நம் நுகர்வின் மறுமுனையில் உள்ள மனிதர் யார், அவர் நம்மிடம் கேட்பது எது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.